அலசத் தெரியாமல் துவைத்தேன்

முப்பத்தாறு வயது வரை நான் ஒரு துணியைக்கூட ஒழுங்காகத் துவைத்ததில்லை. அம்மா இருந்தவரை அம்மா துவைத்தார். அவர் போன பிறகு, சென்னையில் தனியாக இருந்த இத்தனை ஆண்டுகளில், சட்டை பேண்டை வாரத்துக்கு ஒருமுறை வாஷிங் மெஷினில் திணித்து, கைக்கு வந்த அளவு பவுடரைக் கொட்டி, பொத்தானை அமுக்கிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். அதுதான் துவைப்பது என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன ஐப்பசியில் அம்பாசமுத்திரத்தில் இருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பதினேழு நாள் மருத்துவமனை. வலது கையும் காலும் அசையாத நிலையில் அவரை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அக்கா கோயம்புத்தூரில்; அவளுக்குக் கைக்குழந்தை. ஆக, நானும் அப்பாவும்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை எப்போது கொடுக்க வேண்டும், எப்படிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்த்துச் சோறு ஊட்ட வேண்டும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். துணியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் நாள் இரவு பத்து மணிக்குள் நான்கு விரிப்பு, மூன்று வேட்டி, இரண்டு துண்டு, ஒரு தலையணை உறை நனைந்தும் அழுக்காகியும் குளியலறை மூலையில் கிடந்தன. பகலில் உதவிக்கு வந்த பெண்மணி முதலிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, ஐயாவைப் பார்த்துக்கொள்கிறேன். துணி மட்டும் நான் துவைக்க மாட்டேன்." அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த இரவு விரிப்பை உருவும்போது என்னையும் அறியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டார். உடனே கண்ணை மூடிக்கொண்டார். முப்பது ஆண்டு பள்ளிக்கூடத்துக்கு மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியோடு போன மனிதர். அந்தக் கண் மூடலை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இந்த வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அருவருப்பு வரும்; அது இயல்பு. ஆனால் முகமூடியையும் கையுறையையும் முன்பே போட்டுக்கொண்டு அருகில் போங்கள். படுத்திருப்பவர் நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் பெரிய தவறை இரண்டாம் நாள் காலையிலேயே செய்தேன். இரவு முழுவதும் நனைந்த துணிகளை ஒரு மூடி போட்ட வாளியில் அப்படியே சேர்த்து வைத்திருந்தேன். காலையில் திறந்தால் நெடி தாங்கவில்லை. கிருமி போக வேண்டும், நாற்றம் போக வேண்டும் என்று தரை கழுவ வைத்திருந்த பிளீச் திரவத்தை அரைப் புட்டி அதன் மேலேயே ஊற்றினேன். சில நொடிகளில் கண் எரிந்து நீர் கொட்டியது. தொண்டையை யாரோ பிடித்து நெரிப்பது போல இருமல். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். அதற்குள் அடுத்த அறையில் அப்பா இருமத் தொடங்கிவிட்டார். அவரைத் தனி ஆளாகத் தூக்கிக்கொண்டு என்னால் வெளியே ஓட முடியாது. கட்டிலுக்கோ சக்கரம் கிடையாது. கதவின் அடி இடுக்கில் துண்டைத் திணித்துவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, அவர் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்த அந்தப் பத்து நிமிடம் போல் நான் எப்போதும் பயந்ததில்லை.

சிறுநீர் கிடக்கக் கிடக்க அதிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது. பிளீச் அதோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு கிளம்பும். பள்ளியில் வேதியியல் படித்தவன்தான் நான். ஆனால் குளியலறை வாளியில் அது நடக்கும் என்று யோசிக்கவில்லை. கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு பிளீச் சேர்ந்தாலும் ஆபத்துதான். அப்போது வருவது குளோரின். வினிகரோடு சேர்த்தாலும் அதே கதை. பிளீச்சிங் பவுடருக்கும் இதெல்லாம் பொருந்தும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். சிறுநீரில் நனைந்த துணியின் மேல் பிளீச்சை ஊற்றாதீர்கள். ஏதாவது வாயு கிளம்பினால் வாளியைச் சரிசெய்யப் பார்க்காமல் முதலில் வெளியே வாருங்கள்.

இதற்குச் சரியான வழி மிகவும் எளியது. துணி நனைந்த உடனே, அது நடு இரவு இரண்டு மணியானாலும், பச்சைத் தண்ணீரில் ஒரு முறை அலசிப் பிழிந்து போட்டுவிட வேண்டும். திடக் கழிவு இருந்தால் முதலில் அதைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, பிறகு தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்துவிட்டால் காலையில் பாதி நாற்றம் இருக்காது. அப்பாவின் துணிக்கென்று ஒரு வாளி, ஒரு மக் தனியாக வைத்தேன். அலசிய பருத்தித் துணிகளை மட்டும் மெஷினில் 60 டிகிரி வெந்நீரில் ஓடவிடுகிறேன். என் சட்டைகள் அதோடு சேராது. பிளீச் இப்போது என் வீட்டில் இல்லவே இல்லை.

இரண்டாவது பாடத்துக்கு 2,350 ரூபாய் கொடுத்தேன். ஒரு நாள் அவசரத்தில் விரிப்பை அப்படியே சுருட்டி மெஷினில் போட்டேன். அதற்குள் ஒரு டயப்பர் சுருண்டு கிடந்தது தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், உருளை முழுக்கச் சவ்வரிசிக் கஞ்சியைக் கொட்டியது போல வழவழவென்று ஒரு கூழ். ஒவ்வொரு துணியிலும், ரப்பர் வளையத்தின் மடிப்பிலும், ஓட்டைகளிலும் அது. டயப்பருக்குள் ஈரத்தை உறிஞ்சிப் பல மடங்கு ஊதும் பொருள் அது. நான் செய்த மடமை, அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவப் பார்த்தது. தண்ணீர் ஊற்ற ஊற்ற அது பெருகியது. கடைசியில் தண்ணீர் வெளியேறும் பம்பு அடைத்து மெஷின் நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவர்தான் சொன்னார்: உலர்ந்த துணியால் வழித்து எடுக்க வேண்டும், மிச்சத்தின் மேல் கல்லுப்பைத் தூவினால் அந்தக் கூழ் உறிஞ்சிய தண்ணீரை விட்டுவிட்டுச் சுருங்கும், பிறகு துடைத்துவிடலாம். துணிகளைக் காயவைத்து உதறினால் பொடியாக உதிர்ந்துவிடும். அன்றிலிருந்து எந்தத் துணியும் உதறாமல் மெஷினுக்குள் போவதில்லை. போகிற போக்கில் இன்னொன்று: படுக்கைக்கு அடியில் போடும் ரப்பர் ஷீட்டை மெஷினில் போடாதீர்கள். அது தண்ணீரைப் பை போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுழலும்போது எடை ஒரு பக்கம் இழுத்து மெஷின் தூக்கித் தூக்கி அடிக்கும். சோப்புத் துணியால் துடைத்து, கழுவி, நிழலில் காயவைத்தால் போதும். வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடும்.

சிவப்புத் துண்டை வேட்டிகளோடு போட்டு நான்கு வேட்டியும் ரோஸ் நிறமானதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். புதுத் துண்டை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று கேள்விப்பட்டு அப்படியே செய்துதான் போட்டேன், நிற்கவில்லை. புதிய அடர்நிறத் துணி எதுவாக இருந்தாலும் முதல் நான்கைந்து முறை தனியாகத் துவைப்பது தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மூன்றாம் வாரம் அப்பாவின் முதுகிலும் இடுப்பிலும் தோல் சிவந்து தடித்தது. இரவெல்லாம் இடது கையால் சொறியப் பார்ப்பார், எட்டாது. படுக்கைப் புண் தொடங்குகிறதோ என்று எனக்குக் கை நடுங்கியது. ஒரு தோல் மருத்துவரை வீட்டுக்கு அழைத்தேன். அவர் முதுகைப் பார்த்தார். பிறகு விரிப்பின் ஓரத்தைக் கையில் எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். "எவ்வளவு பவுடர் போடுகிறீர்கள்?" என்று கேட்டார். நன்றாகச் சுத்தமாக வேண்டும் என்று மூன்று கரண்டி போடுகிறேன் என்றேன். பொட்டலத்தில் எழுதியிருப்பது ஒரு கரண்டி. அதற்கு மேல் வாசனைக்காகத் துணி மென்மையாக்கும் திரவம் வேறு. அவர் மருந்து எழுதிவிட்டுக் கிளம்பும்போது, "துவைத்து மடித்து வைத்திருக்கிற விரிப்பு ஒன்றை எடுத்து, பவுடர் எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் மெஷினை ஓட்டிப் பாருங்கள்" என்றார்.

அன்றிரவே ஓட்டினேன். மெஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வெறும் தண்ணீர். ஐந்து நிமிடத்தில் கண்ணாடி ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. பத்து நிமிடத்தில் கதவு முழுக்க நுரை. துவைத்து, காய்ந்து, மடித்து அலமாரியில் வைத்த விரிப்பு அது. அத்தனை சோப்பையும் அப்பாவின் முதுகுக்கு அடியில் நான்தான் இருபது நாளாக விரித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வியர்க்கும்போதெல்லாம் அது ஊறித் தோலில் ஏறியிருக்கிறது. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அந்த விரிப்பை அன்றைக்கு நான்கு முறை வெறும் தண்ணீரில் ஓட்டிய பிறகுதான் கண்ணாடி தெளிந்தது.

பவுடர் கூடினால் அழுக்கு அதிகம் போகும் என்பது தவறு. முன்பக்கக் கதவு வைத்த மெஷினில் துணி உருண்டு விழுந்து மோதித்தான் அழுக்கு போகிறது. நுரை மெத்தை போல நடுவில் நின்றால் அந்த மோதலே இருக்காது. அழுக்கும் போகாது, சோப்பும் போகாது. உருளையை நெருக்கித் திணித்தாலும் அப்படித்தான். துணியைப் போட்ட பிறகு மேலே ஒரு கை நுழைகிற இடம் இருக்க வேண்டும். மென்மையாக்கும் திரவமோ இழையின் மேல் ஒரு பூச்சு போல ஒட்டிக்கொள்கிறது. அதனால் துண்டும் விரிப்பும் ஈரத்தை உறிஞ்சுவது குறைந்துவிடும். படுத்திருப்பவரின் துணி ஈரத்தை உறிஞ்சாவிட்டால் அந்த ஈரம் எங்கே போகும்? அவர் தோலில்தான் நிற்கும்.

இதில் தண்ணீருக்கும் பங்கு இருந்தது. எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். குழாய் வாயெல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருக்கும். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் இருந்தால் கட்டி சோப்பு அவற்றோடு சேர்ந்து தயிர் திரிந்தது போல ஒரு படிவாகி, துணியிலேயே தங்கிவிடும். வெள்ளைத் துணி சாம்பல் நிறமாவதும், காய்ந்த துண்டு அப்பளம் போல விறைப்பதும் இதனால்தான். ஊரில் அம்மா தாமிரபரணித் தண்ணீரில் சோப்பை இரண்டு இழுப்பு இழுத்தாலே நுரை பொங்கும். அதே கையளவை இங்கே கொண்டு வந்தால் நுரை வராது; வரவில்லையே என்று நாம் மேலும் மேலும் போடுவோம். நான் இப்போது பவுடரையும் கட்டி சோப்பையும் விட்டுவிட்டேன். வாசனை சேர்க்காத திரவ சோப்பு, சொன்ன அளவில் முக்கால் பங்கு. அழுக்கு அதிகமான விரிப்புகளுக்கு மட்டும் ஒரு கரண்டி சலவைச் சோடா. அது தண்ணீரின் கடினத்தைக் குறைக்கிறது. மெஷின் முடிந்த பிறகு, கூடுதலாக ஒரு அலசல். அவர் தோலில் நேராகப் படும் வேட்டிகளைக் கடைசியில் வாளியில் கால் டம்ளர் வினிகர் விட்ட தண்ணீரில் முக்கி, மறுபடி ஒரு முறை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிகிறேன். மருத்துவரின் களிம்பும் இந்த மாற்றமும் சேர்ந்து பத்து நாளில் முதுகு தெளிந்துவிட்டது. துணி அலசியது போதுமா என்று பார்க்க எனக்கு ஒரே சோதனைதான்: கடைசியாகப் பிழிந்த தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்ப்பேன். வழவழப்பு இருந்தால் இன்னொரு முறை.

கறைகளில் என்னைப் பயமுறுத்தியது ரசம். ஊட்டும்போது வலது வாயோரம் வழிந்து மேல்துண்டில் மஞ்சளாக நின்றிருந்தது. அதில் சோப்பைத் தேய்த்த உடனே அந்த இடம் இரத்தச் சிவப்பாக மாறியது. அப்பாவுக்கு வாயில் இரத்தம் வந்திருக்கிறதோ என்று ஓடிப்போய் வாயைத் திறந்து பார்த்தேன். அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறதே, அதுதான் இது" என்றாள். சோப்பிலும் காரம் இருக்கிறது. அலசினால் மறுபடி மஞ்சளாகும். அந்த மஞ்சளைத் தேய்த்துத் தேய்த்துத் துணியைக் கிழிக்க வேண்டாம். ஈரத்தோடு வெயிலில் போட்டால் ஓரிரு நாளில் தானாக வெளிறிவிடும். இரத்தக் கறைக்கு நேர்மாறான எச்சரிக்கை: வெந்நீர் படக்கூடாது. சர்க்கரை பார்க்க விரலில் குத்தும்போது விழுந்த சொட்டுகளை நான் வெந்நீரில் துவைத்தேன். முட்டை வெந்தது போலக் கறை இறுகிவிட்டது. பச்சைத் தண்ணீரில் உடனே கசக்கியிருந்தால் போயிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாததுதான் பிறகு பெரும்பாடாக இருந்தது. அறைக்குள் கொடி கட்டி நெருக்கமாகப் போட்டேன். இரண்டாம் நாள் எல்லாவற்றிலும் புழுங்கல் வாடை. பன்னிரண்டு நாள் துணியை வெளியே துவைக்கக் கொடுத்ததில் 2,600 ரூபாய் போனது. அதுவும் நான் முதலில் அலசிக் கொடுத்தால்தான் வாங்கினார்கள். எங்கள் தெருவில் இஸ்திரி போடும் பெரியவர்தான் வழி சொன்னார். "தம்பி, கொடியில் இரண்டு துணிக்கு நடுவில் கை போய் வர வேண்டும். விரிப்பை இரண்டாக மடித்துத் தொங்கவிடாதே. ஒரு ஓரத்தை மட்டும் கிளிப்பில் மாட்டு. முக்கால் ஈரம் போனதும் என்னிடம் கொடு" என்றார். மெஷினில் பிழியும் சுற்றை இரண்டு முறை ஓட்டி, விசிறிக்குக் கீழே அவர் சொன்னபடி போட்டேன். ஆறேழு மணி நேரத்தில் முக்கால் பங்கு காய்ந்தது. மிச்ச ஈரத்தை அவருடைய கரிப்பெட்டிச் சூடு எடுத்துவிட்டது. புழுங்கல் வாடை வந்த துணியில் வாசனைத் திரவம் ஊற்றுவது வீண். அந்த வாடை ஈரத்தில் வளரும் பாக்டீரியாவால் வருவது; மறுபடி வெந்நீரில் துவைத்து விரைவாகக் காயவைத்தால்தான் போகும். மெஷின் கதவையும் வேலை முடிந்ததும் திறந்து வைக்க வேண்டும், ரப்பர் மடிப்பைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கிருந்தே வாடை தொடங்கும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மெஷின் பழுது 2,350, மருத்துவரும் மருந்தும் 1,400, கெட்டுப்போன வேட்டி, விரிப்புகளுக்குப் பதில் வாங்கியது 3,200, வெளிச் சலவை 2,600. மொத்தம் 9,550 ரூபாய். முதல் மாதம் துணிக்கே நாளைக்கு நான்கு மணி நேரம் போனது. இப்போது ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. வீட்டில் ஒருவர் படுக்கையில் இருந்தால் பருத்தி விரிப்பு குறைந்தது எட்டாவது வேண்டும்: இரண்டு உபயோகத்தில், இரண்டு கொடியில், இரண்டு துவைப்பில், இரண்டு அலமாரியில். புதிதாக விலை கொடுத்து வாங்காதீர்கள். உறவினர் வீடுகளில் பழைய வேட்டியும் நூல் சேலையும் கேளுங்கள். பலமுறை துவைத்த துணிதான் மென்மை, நான்காக மடித்து இடுப்புக்கு அடியில் போட்டால் விரிப்பு முழுவதையும் மாற்ற வேண்டியிருக்காது. ரோஸ் நிறமான அந்த நான்கு வேட்டியும் இப்போது அதற்குத்தான் பயன்படுகின்றன.

தை பிறந்ததும் வெயில் வந்தது. அப்பாவைச் சற்று நேரம் நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். பொங்கலன்று அவருக்கு ஊரில் கட்டுவது போல ஒரு வேட்டி கட்டிவிட ஆசைப்பட்டேன். படுக்கையில் இருப்பவருக்குக் கஞ்சி போட்ட துணி ஆகாது, விறைப்பு தோலை உரசும். ஆனால் அரை மணி நேர நாற்காலிக்குப் பரவாயில்லை. சோறு வடித்த கஞ்சியை வடிகட்டித் தண்ணீராகக் கரைத்து, சொட்டு நீலமும் விட்டு, முக்கிப் பிழிந்து, மாடியில் உதறிப் போட்டேன். இஸ்திரி போட்டு வந்து கட்டிவிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். அப்பா இடது கையால் மடிப்பைத் தடவினார். கரையை விரலில் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். மூன்று மாதமாக "தண்ணீர்", "வலி" தவிர முழுதாக எதையும் சொல்லாதவர், குழறினாலும் எனக்குப் புரியும்படி சொன்னார்: "நீலம் கூடிவிட்டது, ஐயா."

அடுத்த முறை வாளிக்கு நான்கு சொட்டுதான் விட்டேன்.